காது எட்டும் வயது

சசிரேகாவுக்கு வயது அறுபத்தாறு என்பது பள்ளிச் சான்றிதழின் கணக்கு. பெற்றவளைக் கேட்டிருந்தால் ஒன்று குறைத்துச் சொல்லியிருப்பாள். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் வயதை முடிவு செய்தது பிறப்பு அல்ல, கைநீளம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது. நாலு வயதிலேயே முருங்கைக்காய் மாதிரி வளர்ந்து நின்ற சசிரேகா, காதைத் தொட்டதோடு விடாமல் தோட்டையும் பிடித்து இழுத்துக் காட்டினாள். தலைமையாசிரியர் சிரித்தபடி ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அந்த வருஷம் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்றுதான். ஊர்த் தாய்மார்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி.

அந்த ஒரு வயதால் பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து அவள் ஒரு வருஷம் முன்னதாகவே ஓய்வு பெற வேண்டியதாயிற்று. அன்று அழுதாள். அதே ஒரு வயதால், ஆஸ்பத்திரியில் முன்வரிசை தரும் மூத்தோர் அட்டையும் ஒரு வருஷம் முன்னதாகவே கைக்கு வந்தது. அன்று அழுததாக யாரும் சொல்லவில்லை.

அட்டை வந்த கையோடு தமிழ்நாடு மூத்தோர் உரிமைப் பேரவையில் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் பொதுச் செயலாளர். எப்படி என்று கேட்டால், முந்தைய செயலாளர் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். அதில் இவளுக்குப் பங்கில்லை என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டுதான். ஆனால் மேடையில் நாற்காலி உண்டு. கணவர் போய், மகளும் பெங்களூரில் நிலைத்துவிட்ட பிறகு அந்த வீட்டில் கேட்க ஆளில்லாத குரலுக்கு மைக் உண்டு. பீரோவைத் திறந்தால் புடவைகளைவிடப் பொன்னாடைகள் அதிகம். ஜரிகை குத்துகிறது என்று அவற்றைத் தானும் போர்த்திக்கொள்ளாமல், அடுத்தவருக்குப் போர்த்தவும் மனம் வராமல் அடுக்கி வைத்திருந்தாள்.

இந்தப் பிழைப்பில்தான் வயதுமானி வந்து மண்ணைப் போட்டது.

பார்ப்பதற்குத் துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்கும். காது மடலில் மாட்டினால் எறும்பு கடித்ததுபோல் ஒரு சுருக். பிறகு ஒரு எண் வரும். நீங்கள் பிறந்து எத்தனை வருஷம் என்பதல்ல, உங்கள் உடம்பு எத்தனை வருஷம் செலவழிந்திருக்கிறது என்பது. இனிமேல் சான்றிதழ் வயதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மானியில் அறுபத்தைந்தோ அதற்கு மேலோ காட்டுகிறவர்களுக்கு மட்டுமே மூத்தோர் அட்டை என்று ஒரு சட்ட வரைவு தயாராயிற்று. பேரவையின் கருத்தையும் அரசாங்கம் கேட்டிருந்தது. கேட்காமல் எப்படி? மாநிலத்தில் வாக்காளர்களில் பாதி நரைத்த தலைகள். பேரவை முகத்தைச் சுளித்தால் அந்தச் சட்டத்தை எந்தக் கட்சியும் தொடாது.

செயற்குழு சுவரில் கூடியது. அதாவது அவரவர் வீட்டுச் சுவரில் மற்றவர்கள் தோன்றினார்கள். தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்து, மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிற காலம். ஆனாலும் தலைவர் ஞானதிரவியம் வாயைத் திறந்ததும் கேட்டது அதேதான்.

"நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது தலைவரே."

"பிம்பம் வருதா?"

"வருது, வருது."

கிருமிக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து வேலை பார்த்த தலைமுறை. அந்தக் கேள்வி அவர்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. யாராவது ஒருவர் "மியூட்ல இருக்கீங்க" என்று சொல்லாவிட்டால் கூட்டம் நடந்த திருப்தியே கிடையாது.

ஞானதிரவியத்துக்கு எழுபத்தேழு வயது. கல்வித் துறையில் இணை இயக்குநராக இருந்தவர். தினமும் நடை, மதியம் தயிர், மாலையில் மூச்சுப் பயிற்சி. தன் உடம்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் இளைஞர்களே கூச்சப்படுவார்கள். அந்த உடம்பே இப்போது அவருக்கு எதிரி.

பொருளாளர் உதுமான் பாய் தொண்டையைச் செருமினார். "தலைவரே, சூளையில செங்கல் அறுத்தவனுக்கு அம்பத்தஞ்சு வயசுலயே ஒடம்பு உதிர்ந்து போவுது. இந்தச் சட்டம் வந்தா அவனுக்கு அட்டை கிடைச்சிரும். இல்லைன்னா அவன் இன்னும் பத்து வருஷம் உசுரைக் கையில பிடிச்சிட்டு நிக்கணும். நல்ல சட்டம்தானே?"

"அவனுக்குக் குடுக்கட்டும் பாய், நான் வேண்டாம்னா சொன்னேன்? எங்கிட்ட இருந்து எதுக்குப் பிடுங்கணும்? ஒழுங்கா ஒடம்பைப் பாத்துக்கிட்டதுக்கு இதுதான் பரிசா?"

"எல்லாருக்கும் குடுக்க முடியாதாம். அதான் அளந்து குடுக்காங்க."

"அப்ப நம்ம விதிப்படி அட்டை இல்லாதவன் பொறுப்புல இருக்க முடியாதே! நாளைக்குத் தலைவர் யாரு, செயலாளர் யாரு?"

சுவரில் ஐந்து நொடி அமைதி. யாரும் மியூட்டில் இல்லை.

சசிரேகாதான் அதை உடைத்தாள். "பிறந்த தேதி நமது பிறப்புரிமை," என்றாள். சும்மா வாயில் வந்தது. ஞானதிரவியம் கைதட்டினார். அதையே ஆடி மாநாட்டின் கோஷமாக வைப்பது என்றும், எதிர்ப்புத் தீர்மானத்தைப் பொதுச் செயலாளரே முன்மொழிவது என்றும் முடிவாயிற்று.

மறுநாள் காலை வாசல் மணி ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. சசிரேகாவுக்குத் திறக்காமலே ஆள் தெரிந்துவிட்டது. செல்போன் புதிதாக வந்த நாட்களில், ரீசார்ஜ் அட்டையைச் சுரண்டிச் சுரண்டிப் பேசிய காலத்தில், ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் 'வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்', இரண்டு ரிங் விட்டால் 'உன்னைப் பாக்கணும், வா' என்று அவளுக்கும் அவளுடைய சிறுவயதுத் தோழிக்கும் இடையில் ஒரு பாஷை இருந்தது. எந்தக் கம்பெனிக்காரனுக்கும் ஒரு பைசா போகாமல் வருஷக்கணக்காகப் பேசித் தீர்த்த பாஷை.

"வந்து சேந்துட்டேன் ஏட்டி," என்றாள் மரியபுஷ்பம்.

புஷ்பம் நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பிய வெயிலையெல்லாம் அவள் கண் வாங்கி வைத்துக்கொண்டது. இப்போது நடுப் பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் ஆளின் முகம் இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். அதனால் யாரைப் பார்த்தாலும் கோழி மாதிரி தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். தெரியாதவர்கள் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து சசிரேகாவைப் பார்த்தாள்.

"தலைமுடிக்கு மை போட்டுருக்கியா?"

"அது ஒண்ணுதான் ஒனக்கு நல்லாத் தெரியும்."

"ஓரமாத்தான் நரைக்கும், ஓரமாத்தான் எனக்குத் தெரியும்." சிரித்தாள். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். "டாக்டரம்மாட்ட போயிருந்தேன். கண்ணுக்குள்ள புதுத் திரை வளக்காங்களாம்லா. விதை போடுத மாதிரி. அட்டை இருந்தா அடுத்த மாசமே போட்டுருவாங்களாம். இல்லைன்னா வரிசையில நிக்கணுமாம்."

"நிக்க வேண்டியதுதானே?"

"ஓரமும் மூடிக்கிட்டு வருதாம். வருசக் கடைசி தாங்காதுங்காவ. மூடின பெறவு வெதை போட்டாலும் மொளைக்காதாம்."

சசிரேகா காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போவதுபோல் எழுந்தாள். புஷ்பத்தின் சான்றிதழ் வயது அறுபத்து நாலு. பழைய சட்டப்படி அட்டை கிடைக்க அடுத்த ஜூன் ஒன்று வர வேண்டும்.

அது அறுபத்து நாலாக இருப்பதுதான் வேடிக்கை. சசிரேகா தோட்டை இழுத்துக் காட்டிய அதே நாளில், அதே வரிசையில், அவளுக்குப் பின்னால் புஷ்பமும் நின்றாள். அவளுக்கு நிஜமாகவே ஐந்து வயது நிரம்பியிருந்தது. ஆனால் குட்டைக் கை. விரல் உச்சிக் குடுமியைத் தாண்டவில்லை. "அடுத்த வருசம் கூட்டிட்டு வாம்மா," என்றார் தலைமையாசிரியர். அடுத்த ஜூனிலும் எட்டவில்லை. அதற்கடுத்த ஜூனில், மூன்றாம் வகுப்புக்குப் போகிற பெரிய மனுஷியாக சசிரேகா ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் கிசுகிசுத்தாள்: "தலையைச் சாய்ட்டி!" புஷ்பம் தலையைச் சாய்த்தாள். காது தானாகவே வந்து கையில் விழுந்தது. ஐந்து வயது என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆக, நியாயமாகப் பார்த்தால் அந்தத் தெருவில் அறுபத்தாறு வயது புஷ்பத்துக்குத்தான். அதை மேடையில் போட்டுக்கொண்டு திரிந்தவள் சசிரேகா.

"புதுச் சட்டம் வந்தா எனக்குக் கிடைச்சிருமாம்லா?" புஷ்பத்தின் குரல் சமையலறை வரை வந்தது. "மானியில என் ஒடம்பு நூறு காட்டும். நீங்கதான் வேண்டாங்குதீகளாம். டிவியில சொன்னாவ."

"நானா சொன்னேன், பேரவை சொல்லுது."

"பேரவைன்னா யாரு ஏட்டி?"

சசிரேகா காப்பியில் இரண்டு தரம் சீனி போட்டுவிட்டாள். புஷ்பம் அதைக் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் சசிரேகா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

மாநாடு வழக்கம்போல் திருச்சியில், ஆடியில். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும். மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறவர்களுக்கும் திருச்சி சம தூரம். மணமக்கள் உட்காருகிற இடத்தில் ஞானதிரவியமும் சசிரேகாவும் பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். கீழே நின்ற சிலர் அதைப் பார்த்துச் சொன்னவற்றை இங்கே எழுத வேண்டாம்.

முதலில் 'அந்தக் காலம்' நிகழ்ச்சி. ஒவ்வொரு மாநாட்டிலும் உண்டு. பழைய போன்களின் ரிங்டோன்களைப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இன்டர்நெட் மோடம் இரைகிற சத்தம் வந்ததும் மண்டபமே "ஆ!" என்று கத்தியது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரவுசிங் சென்டரின் மர அறைக்குள் உட்கார்ந்து, யாருக்கோ முதல் முதலாக ஈமெயில் அனுப்பியவளாக இருக்கலாம். விசாரிக்க நேரமில்லாமல் போயிற்று என்பதில் சசிரேகாவுக்கு வருத்தம்தான்.

அந்த ஈரத்தோடு அவளை மைக்குக்கு அழைத்தார்கள்.

"பிறந்த தேதி நமது…" என்று ஆரம்பித்தாள். மண்டபம் "பிறப்புரிமை!" என்றது. இரண்டாம் தரம் சொல்ல வாயெடுத்தவளுக்கு, அவளுடைய பரம்பரை வியாதி வந்துவிட்டது. யாரிடமாவது எதையாவது கேட்டுவிட வேண்டும்.

"அது சரி, இங்க எத்தனை பேருக்கு ஜூன் ஒண்ணு பொறந்தநாளு?"

மண்டபம் ஒரு கணம் விழித்தது. பிறகு ஒன்று, இரண்டு, பத்து என்று கைகள் எழுந்து, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து, பொங்கிப் பொங்கிச் சிரித்தார்கள்.

"எனக்கு மே முப்பத்தொண்ணும்மா! எங்க வாத்தியாருக்கு அவசரம்!" என்றார் ஒருவர்.

"காதைத் தொட்டீங்களா?"

"தொட்டோம், தொட்டோம்!"

"எங்க, இப்ப தொடுங்க பாப்போம்."

ஐந்நூறு கைகள் ஐந்நூறு தலைகளுக்கு மேலே வளைந்தன. சிலருக்குத் தோள்பட்டை இறுக்கம், பாதி வழியில் நின்றது. சிலர் பக்கத்தில் இருப்பவரின் காதைத் தொட்டுச் சமாளித்தார்கள். உதுமான் பாயின் தொப்பி கீழே விழுந்தது. ஒரு நிமிஷம் அந்த மண்டபம் முழுவதும் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றது. புது சிலேட்டு வாசனைகூட வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சசிரேகாவும் தொட்டாள். தோடு குளிர்ந்திருந்தது. அப்படியே, கையை இறக்காமல் பேசினாள்.

"என் பின்னால ஒருத்தி நின்னா. அவளுக்கு எட்டலை. அதனால அவளுக்கு ரெண்டு வயசைக் குறைச்சிட்டாங்க. எனக்கு எட்டிச்சு, ஒரு வயசைக் கூட்டிட்டாங்க. இன்னைக்கு எங்கிட்ட அட்டை இருக்கு, அவகிட்ட இல்ல. அவளுக்குக் கண்ணு போவுது. இதைத்தான் பிறப்புரிமைன்னு நான் சொல்லிக் குடுத்தேன். நல்லாத்தான் இருக்கு, எதுகை மோனையெல்லாம்."

ஞானதிரவியம் பின்னாலிருந்து மெதுவாக, "சசிரேகா, தீர்மானம்… தீர்மானத்தைப் படிங்க," என்றார்.

"படிச்சாச்சு தலைவரே. ஓட்டுக்கு விடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எந் தம்பிக்கு அம்பத்தெட்டுதான். தறியில ஒக்காந்து ஒக்காந்து நடக்க முடியலைங்க!" இன்னொரு குரல்: "எங்க நாத்தனார் பீடி சுத்துனவங்க!" எல்லார் வீட்டிலும் காது எட்டாத ஒருவர் இருந்திருக்கிறார் போலும்.

பேரவையில் ஓட்டு எப்போதும் கை தூக்கித்தான். செயலியில் போடலாம் என்று இளைய உறுப்பினர்கள் சொன்னபோது, ஓடிபி வருகிற வரை காத்திருந்த காலமெல்லாம் போதும் என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். "தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் ஞானதிரவியம், மூச்சுப் பயிற்சியெல்லாம் மறந்த குரலில். முன்வரிசையில் கைகள் எழுந்தன. பின்னால் காதில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கி மடியில் அமர்ந்தன. தீர்மானம் தோற்றது.

திரும்பி வரும் ரயிலில் சசிரேகா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். தன் உடம்பு என்ன காட்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஐம்பத்தெட்டு, மிஞ்சினால் அறுபது. அட்டை போகும், நாற்காலி போகும், மைக் போகும். போகட்டும். ஒரு தோழிக்காக இவ்வளவு செய்தவள் மாவட்டத்திலேயே யாரும் இல்லை என்பதை நான்கைந்து பேரிடம் சொல்லாமல் இருக்க அவள் மிகவும் பாடுபட்டாள். மூன்று பேரிடம்தான் சொன்னாள்.

சட்டம் வந்தது. புரட்டாசியில் மானி முகாம். ஞானதிரவியத்துக்கு ஐம்பத்தெட்டு. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்போல் அவர் முகாமை விட்டு வெளியேறினார். எதிரிலிருந்த கடையில் இரண்டு பஜ்ஜி தின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. உதுமான் பாய்க்கு அறுபத்தாறு, தப்பித்தார்.

சசிரேகாவின் காதில் கிளிப்பை மாட்டினார்கள். சுருக். எழுபத்தொன்று.

"இன்னொரு தரம் பாருங்க," என்றாள்.

மானிக்கார அம்மாள் பார்த்தாள். எழுபத்தொன்று.

"நான் மை வேற போட்டுருக்கேனேம்மா."

"முடிக்குத்தாம்மா மை. உக்காந்த எடத்துல நாப்பது வருஷம் வேலை பாத்தீங்களா? டென்ஷனா? அது எல்லாம் உள்ள இருக்கும்."

அட்டை நிலைத்தது. ஞானதிரவியம் விலகியதால் தலைவர் பதவியும் வந்து சேர்ந்தது. தியாகம் செய்யப் போன இடத்தில் பதவி உயர்வு கிடைத்தால் என்ன முகத்தோடு வெளியே வருவது என்று தெரியாமல் அவள் நின்றபோது, அடுத்த நாற்காலியில் புஷ்பத்தை உட்கார வைத்தார்கள்.

அறுபத்து நாலு.

புஷ்பம் தலையைச் சாய்த்து, எண் ஒளிர்ந்த இடத்தை ஓரக்கண்ணால் தேடினாள்.

"எத்தனை ஏட்டி?"

"…அறுபத்து நாலு."

"ஒண்ணு கொறையுதா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்காதா பின்ன? நாப்பது வருசம் உப்புல கெடந்த ஒடம்பு. கருவாடு எங்கயாவது கெட்டுப் போவுமா?"

மானிக்கார அம்மாளும் சிரித்தாள். சசிரேகா மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணை மட்டும் தனியா அளக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"முழு உடம்புக்குத்தாம்மா சட்டம். அடுத்த மாசம் மறுமுகாம் இருக்கு. அதுலயும் வரலைன்னா அடுத்த வருஷம்."

"அடுத்த வருசம் கூட்டிட்டு வாம்மா," என்று தலைமையாசிரியரின் குரலில் சொன்னாள் புஷ்பம். வெளியே வந்து செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே, "இந்தத் தடவையும் காது எட்டலை ஏட்டி," என்றாள்.

புதுத் தலைவர் சசிரேகா பல வேலைகளைச் செய்தார். கண்ணுக்கும் முதுகுக்கும் முட்டிக்கும் தனித்தனி மானி வேண்டும் என்று கோட்டைக்கு எழுதினார். கோட்டை பரிசீலிப்பதாகச் சொன்னது. கோட்டை பரிசீலித்து முடிப்பதற்குள் எத்தனை கண்கள் மூடும் என்பது அவருக்குத் தெரியும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்தானே.

அப்புறம் ஒருநாள் சுவரில் உதுமான் பாயிடம், "கேக்குதா பாய்?" என்று ஆரம்பித்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, ஏதோ நினைவு வந்தவள்போல் கேட்டாள். "இந்த மானியை ஏமாத்துதாங்களாமே?"

பாய் குரலைத் தாழ்த்தினார். "நானும் கேள்விப்பட்டேன். போன முகாம்ல ரெண்டு பேரு முந்தின ராத்திரி பூராவும் கண்ணை மூடலையாம். தூக்கம் கெட்டா ஒடம்பு ஒரு வயசு, ஒண்ணரை வயசு கூடக் காட்டுதாம். ரெண்டு நாள் தூங்கினா திரும்ப எறங்கிருமாம். பேரவைத் தலைவர்ங்கற முறையில நீங்க இதைக் கண்டிக்கணும்."

"கண்டிக்கேன் பாய்," என்றாள் சசிரேகா. "மறுமுகாம் முடிஞ்சதும் கண்டிக்கேன்."

மறுமுகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் மணி இரண்டு தரம் அடித்து நின்றது. புஷ்பம் ஒரு துணிப்பையோடு நின்றாள். உள்ளே சசிரேகா பெரிய பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மிக்சர் இருந்தது, முறுக்கு இருந்தது. பீரோவிலிருந்து இரண்டு பொன்னாடைகளை எடுத்து, குளிருக்கு இருக்கட்டும் என்று நாற்காலிகளின் முதுகில் போட்டிருந்தாள். ஜரிகை குத்தட்டும், தூக்கம் வராமல் இருக்க அதுவும் உதவும்.

"விடிய விடிய முழிச்சிருக்கணும்னா என்னத்தட்டி செய்ய?" என்றாள் புஷ்பம்.

"பேசணும். பழசையெல்லாம். ஒண்ணு விடாம. மிஸ்டு கால் குடுத்தது, உப்பு ரோட்டுல லாரிக்காரன்கிட்ட லிப்ட் கேட்டது, ஒனக்கு லெட்டர் குடுத்தானே அந்தக் கேபிள் டிவிக்காரப் பய, அவன் இப்ப எங்க இருக்கான்னுகூட நான் விசாரிச்சு வச்சிருக்கேன்."

"நீ விசாரிக்காம இருந்தாத்தான் அதிசயம்." புஷ்பம் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்து, பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பத்து அடி தூரத்திலிருந்து பார்த்தால் மாநாட்டுத் தலைவி மாதிரி இருந்தாள். "இதெல்லாம் பேசினா ஒரு வயசு கூடிருமா?"

"கூடும். எனக்குக் கூடியிருக்கே." சசிரேகா டீயை அவள் கையில் பிடித்துக்கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள். "எங்க இருந்து ஆரம்பிக்க?"

"காதுல இருந்தே ஆரம்பி," என்றாள் புஷ்பம். தோழியின் முகம் தெரிவதற்காகத் தலையைச் சாய்த்தாள்.